ராசி பார்க்க வந்த வைரம்

வீடு முழுக்கப் பெயிண்ட் அடிக்கிற ஆட்கள் நடமாடும் வாரத்தில்தானா வைரத் தோடு வந்து சேரவேண்டும் என்று விஸ்வநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சுவாமி அலமாரியில வெச்சுட்டேன்," என்றாள் வைதேஹி. "மூணு நாள் இருக்கட்டும். நமக்கு ஒத்துண்டா வாங்கிக்கலாம். இல்லேன்னா இஸ்மாயில் பாய்கிட்டத் திருப்பிக் குடுத்துடலாம்."

"அந்த அலமாரிக்குப் பூட்டே கிடையாதே!"

"சுவாமிக்கு எதுக்குன்னா பூட்டு?"

வைரம் எல்லாருக்கும் ராசியாகாது, வீட்டில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கவேண்டும் என்பது வைதேஹி பிறந்த வீட்டு வழக்கம். தில்லி கரோல்பாகில் நகைக்கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்து இஸ்மாயிலுக்கும் அந்த வழக்கம் தெரியும். "கொண்டுபோய் வச்சுப் பாருங்க சார்" என்று ஏழு கல் தோட்டை நம்பிக் கொடுத்துவிட்டார்.

மகள் சுபிக்ஷாவின் கல்லூரிப் படிப்புக்காகக் கல்யாணத் தோட்டை விற்றவள் வைதேஹி. அன்றிலிருந்து அவள் காதில் ஒரு பொட்டுத் தங்கம்தான். திருப்பி வாங்கித் தருகிறேன் என்று ஜனக்புரிக்குக் குடிவந்த நாள்முதல் விஸ்வநாதன் சொல்லிக்கொண்டிருந்தார். வங்கியில் ஓய்வுபெறும் வயதில் இப்போதுதான் கைகூடி வந்திருக்கிறது. இது தொலைந்தால் இன்னொன்று இந்தப் பிறவியில் இல்லை.

ஆகவே அன்று மாலையே திலக் நகர் சந்தைக்குப் போனார். போலி வைரத்துக்கு அங்கே அமெரிக்கன் டைமண்ட் என்று பெயர். அமெரிக்காவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதே அளவில், அதே பூ வடிவில் ஏழு கல் தோடு கிடைத்தது. "அஸ்லி வைரம் மாதிரியே இருக்கும், அங்கிள்ஜி!" என்று கடைக்காரன் சத்தியம் செய்தான். சத்தியம் வீண்போகவில்லை. வீட்டுக்கு வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விஸ்வநாதனே பிரமித்துப் போனார்.

போலியைச் சுவாமிக்கு முன்னால் வைத்தார். நிஜத்தைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் மெட்ரோவில் வங்கிக்குப் போகிற வழியெல்லாம் ஒரு கை நெஞ்சிலேயே இருந்தது.

"அங்கிள், பைட்டியே!" என்று ஒரு பையன் பதறி எழுந்து இடம் கொடுத்தான். ஒரு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வங்கியில் அவரை அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஈ.சி.ஜி. எடுக்க அழைத்துப் போனார்கள். சட்டையைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்த முதல் இருதய நோயாளி அவர்தான்.

வீட்டுக்கு வந்தால் வைதேஹி வாசலிலேயே நின்றாள்.

"ஏன்னா, வைரம் பேசறது! நம்ம சுபிக்குக் குர்காவ்ல வேலை கிடைச்சுடுத்து! என் முழங்கால் வலிகூட இன்னிக்குக் காணோம்!"

"அப்பா, பக்கா லக்கி ஸ்டோன்!" என்று சுபிக்ஷா குதித்தாள்.

சாமி முன்னால் இருப்பது வெறும் திலக் நகர் போலி என்று அவர் எப்படிச் சொல்வார்? "அச்சா, அச்சா," என்று மட்டும் சொன்னார்.

செய்தி கீழ்வீட்டுக்குப் போக அரைமணி ஆகவில்லை. இந்திராணி மேலே வந்தாள்.

"அக்கா, நாளைக்கு எங்க பையன் கௌதமனுக்கு இன்டர்வியூ. அந்தத் தோட்ட ஒரே ஒரு நாள் எங்க முருகன் படத்துக்கு முன்னாடி வச்சிட்டுக் குடுத்துடுறேனே?"

"அதுக்கென்ன, தாராளமா எடுத்துண்டு போ."

விஸ்வநாதன் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். இந்திராணி எதையும் புரட்டிப் பார்க்காமல் விடமாட்டாள். போலி என்று கண்டுபிடித்தால் இந்தத் தெருவில் வைதேஹி தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

"இரு இந்திராணி, துடைச்சுத் தரேன்," என்று டப்பாவை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் புகுந்து தாழிட்டார். போலியை எடுத்துவிட்டு நிஜத்தை வைக்கவேண்டும், அவ்வளவுதான் வேலை. இரண்டு ஜோடியையும் வாஷ்பேசின் விளிம்பில் வைத்தார்.

"ஏன்னா, ஜல்தி!" என்று வைதேஹி கதவைத் தட்டினாள்.

திடுக்கிட்டுத் திரும்பியதில் முழங்கை இடித்தது. நான்கு தோடும் உருண்டு பிளாஸ்டிக் மக்குக்குள் விழுந்தன. எது எதுவென்று தெரியவில்லை.

மூச்சை ஊதினால் நிஜ வைரத்தில் மங்கல் நிற்காது, போலியில் சற்று நேரம் தங்கும் என்று வாட்ஸாப்பில் படித்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து "ஹா" என்றார். நான்கும் மங்கின. மறுபடி "ஹா". நான்கும் மங்கியே நின்றன. கீஸரின் ஆவி என்று தீர்மானித்தார்.

"உள்ள என்ன ஹா ஹான்னு சத்தம்? நெஞ்சு வலிக்கறதா?"

"இல்லடி, கொட்டாவி!"

கைக்கு வந்த இரண்டை டப்பாவில் போட்டு வெளியே வந்தார். ஒன்று நிஜமும் ஒன்று போலியுமாகவும் இருக்கலாம் என்பது இந்திராணி படியிறங்கிய பிறகுதான் உறைத்தது.

மறுநாள் மாலை இந்திராணி லட்டு டப்பாவோடு வந்தாள். "கௌதமன் செலெக்ட் ஆயிட்டான் அக்கா! வைரம்னா இதுதான் வைரம்!"

வைதேஹி தோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எனக்கு இதே ஜோடிதான் வேணும். பாய் வேற எதையாவது மாத்திக் குடுத்தா வாங்கிண்டு வந்துடாதேங்கோ!"

மூன்று நாள் முடிந்ததும் விஸ்வநாதன் நான்கு தோட்டையும் கரோல்பாகில் இஸ்மாயிலின் மேஜைமேல் பரப்பினார். நடந்ததை ஒன்றுவிடாமல், வரிசையாகச் சொன்னார்.

"இதுல உங்க ஜோடி எதுன்னு மட்டும் சொல்லிடுங்க பாய். என் மானம் உங்க கையில."

இஸ்மாயில் பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்தார். வைரத்தில் பட்டால் அது கீச்சென்று கத்தும். முதல் தோட்டில் வைத்தார். சத்தமில்லை. இரண்டாவது, மூன்றாவது. நான்காவதிலும் அது வாய் திறக்கவில்லை.

விஸ்வநாதன் நாற்காலியில் சரிந்தார். இந்தத் தடவை கை நிஜமாகவே நெஞ்சுக்குப் போயிற்று. மெட்ரோக் கூட்டம் நினைவுக்கு வந்தது; ஈ.சி.ஜி. எடுத்த இடம் நினைவுக்கு வந்தது. கடைசியில் லட்டோடு இந்திராணியின் முகம் வந்தபோது, சீ, அவளைப் போயா, என்று தன்னைத் தானே கடிந்துகொண்டார்.

"பாய், எப்பாடுபட்டாவது ஈடு பண்ணிடறேன். வைதேஹிக்கு மட்டும் தெரியவேண்டாம்."

இஸ்மாயில் நிதானமாகக் கேட்டார்: "அது கிடக்கட்டும் சார். இது வந்தப்புறம் வீட்ல நல்லது நடந்துச்சா?"

"நடந்தது. எங்க வீட்டிலயும் நடந்தது, கீழ்வீட்டிலயும் நடந்தது."

"அம்மாவுக்குத் திருப்திதானே?"

"இதே ஜோடிதான் வேணும்கறா."

இஸ்மாயில் எழுந்துபோய் இரும்புப் பெட்டியைத் திறந்து, ஒரு சிவப்பு டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"அப்ப இந்தாங்க சார், நிஜ வைரம். ராசி பார்க்க நாங்க எந்த வீட்டுக்கும் அமெரிக்கன் டைமண்டைத்தான் குடுத்தனுப்புறது!"