சுவருக்குள் போன டிசைனர்

வீட்டு உள்ளலங்காரத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணில் பட்டதையெல்லாம் மறைத்தாக வேண்டும். ஒயரை மறைப்போம், பைப்பை மறைப்போம், கேஸ் சிலிண்டரை மறைப்போம். ஒரு வீட்டில் மிக்ஸியை எங்கே மறைத்தேன் என்பது எனக்கே மறந்துபோய், அந்த வீட்டம்மா சட்னி அரைக்க முடியாமல் போன் செய்த கதையும் உண்டு. வியாதி முற்றியிருந்த காலத்தில் நான் ஒரு கதவையே மறைத்தேன். கூடவே நானும் மறைந்துபோனேன்.

அப்போது வேலூர் சத்துவாச்சாரியில், எங்கள் வீட்டு முன்னறையில், போர்டு மாட்டிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 'பியூலா, இன்டீரியர் டிசைனர்' என்று போர்டில் இருக்கும். உள்ளே வருகிறவர்கள் பாதிப் பேர், "ஜாக்கெட் தைப்பீங்களா?" என்பார்கள். (டிசைனர் என்றால் பிளவுஸ்தான் என்று எங்கள் தெருவே முடிவு செய்திருந்தது.) மீதிப் பேர், "சார் இல்லீங்களா?" என்பார்கள். சார் என்பது என் கணவர் தினகரன். பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். பிளைவுட்டுக்கும் அப்பளத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். ஆனாலும் நான் வரைந்த படத்தை என் கையிலிருந்தே வாங்கி அவரிடம் நீட்டி, "இது நிக்குமா சார்?" என்று கேட்பார்கள். அவர் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துவிட்டு, "நிக்கும்" என்பார். வேலை எனக்குக் கிடைக்கும். கடுப்பும் எனக்கே கிடைக்கும்.

'சார் இல்லையா' என்று கேட்காமல் வந்த முதல் ஆள் ஆம்பூர் நஸ்ரீன் ஆபா (ஆபா என்றால் அக்கா). ஷூவின் மேல்பாகம் தைக்கும் யூனிட் ஒன்றைத் தனியாளாக நடத்துகிறவர். மகள் ஆயிஷாவுக்கு வாணியம்பாடியில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். வீட்டிலேயே நிச்சயம். அதற்குள் ஹாலைப் புதுசாக்க வேண்டும்.

"நீயேதான் பண்றியா? அப்ப நீயே பண்ணு. ஆம்பளைங்கள கூட்டினு வந்து யோசனை கேக்காதே, பேஜாரு" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. பிறகு சோபாவில் உட்கார்ந்து எதிரே கை காட்டினார். "இங்க உக்காந்தா நேரா பாத்ரூம் கதவு. மாப்ள வீட்டுக்காரங்க அதைப் பாத்துனே டீ குடிக்கணுமா? அது தெரியக் கூடாது. அவ்ளோதான் கண்டிஷன்."

புத்தியுள்ள டிசைனர் குறுக்கே ஒரு தட்டி வைத்திருப்பாள். நான் அந்தச் சுவர் முழுக்க, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, தேக்கு நிறத்தில் மெல்லிய மரப்பட்டிகளை வரிசையாக அடித்தேன். கதவின்மேலும் அதே பட்டிகள். எது சுவர், எது கதவு என்று யாருக்கும் தெரியாது. லேசாக அழுத்தினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பிடிப்பு விட்டு, 'டிக்' என்று ஹால் பக்கமாகத் திறக்கும். விட்டால் தானே சாத்திக்கொள்ளும்.

"கைப்பிடி, மேடம்?" என்றார் கார்ப்பென்டர் குமார் அண்ணன்.

"கைப்பிடி வச்சா அது கதவு, அண்ணா. வைக்கலன்னாதான் டிசைன்."

அவர் சொக்கிப்போனார். "சூப்பர் மேடம்! எங்க வீட்லயும் இதேமாரி பண்றேன்" என்றார். எங்களைத் தடுக்க அங்கே யாருமே இல்லை.

கதவின் உள்பக்கம் மட்டும், தாழ்ப்பாளும் கைப்பிடியும் சேர்ந்த ஒரு ஸ்டீல் செட் தற்காலிகமாக இருந்தது. நிச்சயத்தன்று காலை, விருந்தாளிகள் வருமுன், பட்டுப்புடவையோடு போய் போட்டோ எடுத்தேன். அந்த ஸ்டீல் சமாச்சாரம் படத்தில் லேடீஸ் ஹாஸ்டல் பாத்ரூமை ஞாபகப்படுத்தியது. கழற்றி ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டு மறுபடி எடுத்தேன். போட்டோ பிரமாதமாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் செட்டைத் திருப்பி மாட்ட மறந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். டீ குடித்தார்கள். பாத்ரூம் யார் கண்ணிலும் படவில்லை. மாப்பிள்ளை இம்ரானின் பெரியப்பா மட்டும் எழுந்துபோய், தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி சுவரை அங்கங்கே தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடினேன். "வாங்க சார், காட்டுறேன்" என்று ஒரே ஒரு விரலால் அழுத்தினேன். டிக். சுவர் திறந்தது. ஹாலில் 'ஆ' என்று ஒரு சத்தம். யாரோ ஒரு அம்மா "மாஷா அல்லாஹ்" என்றார். அதுவரைக்கும் என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை. லைட் சுவிட்சையும் நான் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்திருந்ததால் (வியாதி!) அதைப் போட்டுக் காட்ட உள்ளே போனேன். அதே நேரம் ஆயிஷா ஹாலுக்கு வர, எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியதில், நான் உள்ளே போனதைப் பெரியப்பாவைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

திரும்பிப் பார்த்தால் பிடிக்க எதுவுமே இல்லை. வழவழவென்று ஒரு பலகை. உள்ளிருந்து தள்ளினால் அது திறக்காது. உள்பக்கமாகச் சற்று இழுத்தால்தான் பிடிப்பு விட்டுத் திறக்கும். இழுக்க வேண்டிய பொருளோ ஹேண்ட்பேகில். ஹேண்ட்பேக் சோபாவில். போனும் அதற்குள்தான்.

பெரியவர் வெளியே நிற்கிறார் அல்லவா என்று மெதுவாகத் தட்டினேன்.

"பரவால்ல மா" என்றது அவர் குரல். "மெதுவா வாங்க. நான் நிக்கிறேன்."

பாவம், நான் அவரை முந்திக்கொண்டு அவசரமாகப் போயிருப்பதாக நினைத்துவிட்டார். மறுபடி தட்டினேன்.

"அட, அவசரமே இல்ல மா." (அந்தக் குரலில் நிறைய அவசரம் இருந்தது.)

"சார்... கதவு..."

"சாத்திதான் மா இருக்கு. பயப்படாதீங்க, யாரும் வரமாட்டாங்க."

கத்தியிருக்கலாம். ஆனால் ஹால் நிறைய ஆட்கள். பட்டுப்புடவை கட்டிய தொழிலதிபர் பாத்ரூமுக்குள்ளிருந்து 'காப்பாத்துங்க' என்று கத்தினால் நன்றாகவா இருக்கும்? கடைசியில் பெரியவரால் தாங்க முடியவில்லை. யாரோ அவரைப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போனது கேட்டது.

பட்டிகளின் வழியே ஹால் பேச்சு துல்லியமாகக் கேட்டது. இம்ரானின் அம்மா, "சுவர் ரொம்ப நல்லாருக்கே, யாரு பண்ணது?" என்றார்.

"வேலூர் பொண்ணு, பியூலா" என்றார் ஆபா. "இங்கதான் இருந்தா. எங்க போய்ட்டா?"

"பிரியாணி பக்கம் போயிருப்பாங்க" என்றது ஒரு குரல். எனக்கு மனசு ரொம்பப் புண்பட்டது. வெளியே இருந்திருந்தால் அங்கேதான் போயிருப்பேன்.

அதற்குப் பிறகு ஹால் அமைதியானது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. அமைதியாக இருப்பதால் இப்போது தட்டினால் கேட்கும் என்று மட்டும் தோன்றியது. வெளியே, ஹாலின் அந்தக் கோடியில், இம்ரானின் அப்பா எழுந்து நின்று, எனக்குக் கேட்காத மெல்லிய குரலில், "எங்களுக்குப் பூரண சம்மதம். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்று சொல்லி முடித்த அதே நொடியில், நான் இரண்டு கையாலும் தம் தம் என்று அடித்து, "என்னால முடியல! இதுக்குமேல தாங்க முடியாது!" என்று அலறினேன்.

அப்புறம் நடந்ததை ஆயிஷா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கூட்டம் முழுக்க முதலில் சுவரைப் பார்த்ததாம். பிறகு இம்ரானைப் பார்த்ததாம்.

"டேய் இம்ரான்," என்றார் அவன் அம்மா, "யார்ரா அது?"

"அம்மா, சத்தியமா! சுவத்துக்குள்ள எனக்கு யாரையுமே தெரியாதும்மா!"

ஆயிஷாதான் முதலில் சிரித்தாள். "ஐயோ, அது பியூலா அக்கா!" என்று ஓடிவந்து பலகையை அழுத்தினாள். திறக்கவில்லை. நான் அடித்த அடியில் பிளாஸ்டிக் பிடிப்பு வளைந்து மாட்டிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பிடித்து இழுக்கவேண்டும். எதைப் பிடிப்பது? வைக்கலன்னாதான் டிசைன்.

இம்ரானுக்கு ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவில் வேலை. காரில் எப்போதும் ஷூ அடிப்பாகமும் அதை ஒட்டும் பசையும் கிடக்கும். ஓடிப்போய் எடுத்துவந்து, என் தேக்கு நிறச் சுவரின் நட்டநடுவில் பசையைப் பூசினான். "கொஞ்சம் காயணும் அக்கா, பொறுத்துக்கோங்க" என்றான்.

பசை காயும்வரை அவன் அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"உள்ள இன்னா டைல்ஸ் போட்ருக்கீங்க மா?"

"மேட் பினிஷ் மா. ஈரத்துல வழுக்காது."

"எங்க வீட்டு கிச்சன்ல ஒரே புகை. சிம்னி போட்டா சரியாகுமா?"

"ஜன்னல் எந்தப் பக்கம் மா இருக்கு?"

வாழ்க்கையில் நான் செய்த மிக நிதானமான கிளையன்ட் மீட்டிங் அதுதான். இரண்டு பேருக்குமே எழுந்து போக வேறு இடம் இல்லை.

ஒருவழியாக இம்ரான் ஷூ அடிப்பாகத்தை ஒட்டி, ஓங்கி இழுத்தான். படார் என்று திறந்தது. கூட்டம் கைதட்டியது. வியர்வையில் நனைந்த பட்டுப்புடவையோடு நான் வெளியே வர, பக்கத்து வீட்டிலிருந்து பெரியவரும் திரும்பிவந்தார். என்னைப் பார்த்ததும் அக்கறையாகக் கேட்டார்: "முடிஞ்சிதா மா?"

நஸ்ரீன் ஆபா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். என் தொழில் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்று சாப்பிடும்போதே இம்ரானின் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க வீட்டையும் நீயே பண்ணு. கதவு மட்டும் கதவு மாதிரி இருக்கட்டும்" என்றார்.

அந்த ஷூ அடிப்பாகத்தைப் பிய்த்தால் மரப்பட்டியும் சேர்ந்து வந்துவிடும் போலிருந்தது. ஆபா தன் யூனிட்டிலேயே தோலில் ஒரு பட்டை தைத்துக் கொடுத்தார். அடிப்பாகத்தைச் செதுக்கி எடுத்து, அந்த இடத்தில் பட்டையைக் கைப்பிடியாக மாட்டினேன். பார்த்தவர்களெல்லாம் கேட்டார்கள். இன்று நான் செய்கிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தோல் கைப்பிடியாவது இருக்கிறது. 'அந்த ஆம்பூர் கைப்பிடி' என்று கேட்டே வாங்குகிறார்கள். முன்னறை போய் மெயின் ரோட்டில் ஆபீஸ் வந்துவிட்டது. 'சார் இல்லையா' என்று கேட்டு யாரும் வருவதில்லை.

சார் வீட்டில்தான் இருக்கிறார். என் அம்மாவிடமும் மகளிடமும் இந்தக் கதையை அவர்தான் நடித்துக் காட்டுவார். நான் பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்சம் நேரமாகிவிட்டால் போதும், மூன்று பேரும் கதவுக்கு வெளியே வரிசையாக வந்து நின்று, ரொம்ப மரியாதையாக ஒரே குரலில் சொல்வார்கள்:

"பரவால்ல மா. மெதுவா வாங்க. நாங்க நிக்கிறோம்."