நீத்துப்பெட்டியில் அவிந்த துவக்கு

குண்டு பறந்துபோய் வேலியில் கட்டியிருந்த தகரப் பால் பேணியில் பட்டிருக்க வேண்டும். பறக்கவில்லை. துவக்கின் வாயிலிருந்து மெல்ல எட்டிப் பார்த்துவிட்டு, பொத்தென்று செபமாலைமுத்துவின் சப்பாத்தின் மேல் விழுந்தது.

"விழுந்திட்டுது," என்றாள் மனைவி பியற்றிஸ், குசினி யன்னலால் தலையை நீட்டி.

"தெரியுது. எனக்கும் கண் இருக்கு."

"மடுக்காட்டுப் பண்டியளும் இப்பிடித்தான் செத்ததுகளோ? உங்கட சப்பாத்தைப் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சு?"

"யன்னலைச் சாத்து. குளிர் உள்ளுக்கு வரப்போகுது."

லண்டனில், மிச்சம் என்கிற பகுதியில் உள்ள பாலேந்திராவின் மொத்த வியாபாரக் கடையில் அரிசி மூட்டை இறக்குவது செபமாலைமுத்துவின் தொழில். கடையில் அவருக்கு 'வெடிகாரர்' என்று ஒரு பட்டம். கொடுத்தவர் வேறு யாருமில்லை, அவரேதான். தேத்தண்ணி நேரத்தில் வாயைத் திறந்தாரென்றால் மடுக்காட்டில் பன்றி சுட்ட கதைதான். முதல் வருடம் அந்தக் காட்டில் ஒரு பன்றி செத்தது. வருடம் போகப் போக அது மந்தையாகி, இப்போது காட்டில் ஒரு பன்றியும் மிச்சமில்லை.

உண்மை என்னவென்றால், மன்னாரில் அவர் சங்கக்கடையில் சீனி நிறுத்துக் கொடுத்தவர். பக்கத்து வளவில் கலியாணத்துக்குச் சீனவெடி கொளுத்தினாலே கட்டிலுக்குக் கீழே போகிற பிறவி. லண்டனில் தன்னைத் தெரிந்தவர் எவருமில்லை என்ற துணிவில் வாய் மட்டும் நன்றாக வளர்ந்துவிட்டது.

அந்த வாய்க்கு வேலை வந்தது இன்று, வெள்ளிக்கிழமை காலையில்தான். பாலேந்திரா ஒரு வெள்ளைக்காரனோடு கூட்டுச் சேர்ந்து கென்ற் பக்கம் ஒரு காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். எதற்கு? குடும்பம் குட்டி உள்ள ஆம்பிளைகள் பச்சைச் சட்டை போட்டு, முகத்தில் கரி பூசி, பற்றைக்குள் குப்புறப் படுத்து, ஒருவரையொருவர் பிளாஸ்டிக் குண்டால் சுட்டு விளையாடுவதற்கு. காசு கட்டி வருவார்களாம். ஊரில் சும்மா கிடைத்த சூட்டுக்கே தலைதெறிக்க ஓடிவந்த சனம் நாங்கள். இவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. என்ன கண்றாவியோ!

"முத்தண்ணை, இது காஸில வேலை செய்யிற சின்னத் துவக்கு. கைக்குள்ள அடங்கும்," என்று பாலேந்திரா பெட்டியை நீட்டினார். "விளையாட்டுக்கு இது சரிவருமோ எண்டு நீங்கள் வீட்டை கொண்டுபோய்ச் சுட்டுப் பாருங்கோ. ஞாயிறு பின்னேரம் கடைக்குப் பின்னால வைச்சு எங்களுக்கும் ஒருக்காச் சுட்டுக் காட்ட வேணும்."

"நானோ?"

"உங்களை விட்டா வேற ஆர் அண்ணை?"

செபமாலைமுத்துவின் நெஞ்சு ஒரு சாண் வெளியே வந்தது. காரணம் இருந்தது. காட்டுக்கு ஒரு மனேச்சர் போடப்போகிறார்கள் என்று கடையெல்லாம் கதை அடிபட்டது. மரக்கொட்டில், கதிரை, ஹீற்றர், வாயில் ஒரு விசில். மூட்டை கிடையாது. இரண்டு வருடமாக விண்விண்ணென்று வலிக்கும் அவருடைய முதுகுக்கு அந்தக் கதிரை மோட்சம் மாதிரித் தெரிந்தது. போட்டிக்கு இருப்பதோ பில் போடுகிற அருள்நேசன் ஒருவன்தான். ஒரு எலியைக் கொன்றேன் என்றுகூட அவன் இன்றுவரை வாய் திறந்ததில்லை. பாவம்.

ஆனால் துவக்கு மசியவில்லை. கார்த்திகை மாதக் குளிரில் பிடிக்குள் அடைத்த காஸ் சுருண்டு படுத்துவிட்டது. துவக்கோடு வந்த கடதாசியில் அதெல்லாம் விலாவாரியாக எழுதியிருந்தது. வெடிகாரர் கடதாசி வாசிப்பாரோ?

"காய்ஞ்சுபோய்க் கிடக்கு," என்று தீர்ப்புச் சொன்னார். "எண்ணெய் காட்ட வேணும்."

குளியலறைக்குப் போய், தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெயை எடுத்துவந்து துவக்கின் வாய், பிடி, விசை எல்லாவற்றிலும் தாராளமாக ஊற்றினார். கோயில் விளக்குக்குக்கூட அவ்வளவு எண்ணெய் விட்டிருக்க மாட்டார்கள்.

"உந்தச் சனியன் என்ர வீட்டுக்குள்ள வரக்கூடாது," என்றாள் பியற்றிஸ். "அந்தோனியார் இருக்கிற இடம்."

அதனால் துவக்கு இரவு தோட்டத்துக் கொட்டிலில் படுத்தது. லண்டனில் குளிர்காலம் ஒன்றைக் கண்ட எந்தத் தமிழரும் தேங்காயெண்ணெய்ப் போத்தலை ஹீற்றரின் மேல் வைத்து உருக்கித்தான் தலையில் தேய்க்கிறார்கள். இந்த மனிதரும் அப்படித்தான் தேய்க்கிறார். ஆனால் தலையில் இருக்கிற அறிவு துவக்குக்கு வந்து சேரவில்லை. சனி காலையில் பார்த்தால் எண்ணெய் வெள்ளையாக உறைந்து, விசை கல்லாகிவிட்டது.

கடையில் அருள்நேசன் கேட்டான். "எப்பிடியண்ணை துவக்கு?"

"அருமையான சாமான். ஆனால் கண்டவன் நிண்டவன்ர கைக்கெல்லாம் பிடிபடாது."

"அதுதானே அண்ணை, எனக்கு உதுகள் ஒண்டும் விளங்காது," என்று அருள்நேசன் பில்லைக் கிழித்துக் கொடுத்தான். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. பொறாமை என்று முத்தர் எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை அவருக்கு முதுகு வலி வந்தது, பூசைக்குப் போகாமல் இருப்பதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு.

"புட்டு அவியுது," என்றாள் பியற்றிஸ், கோட்டை மாட்டிக்கொண்டே. "ஆவி வந்தோடன இறக்கி வையுங்கோ. அந்த ஒரு வேலையையாவது ஒழுங்காச் செய்யுங்கோ."

அவள் போனதும் முத்தர் அடுப்பைப் பார்த்தார். பானை வாயில் பனையோலை நீத்துப்பெட்டி கூம்பாக நிற்க, உச்சியால் ஆவி புசுபுசுவென்று வந்துகொண்டிருந்தது. உறைந்த எண்ணெயை உருக்க இதைவிட என்ன வேண்டும்? புட்டைத் தட்டில் கொட்டினார். கொட்டிலுக்கு ஓடினார். துவக்கைக் கொண்டுவந்து நீத்துப்பெட்டிக்குள் படுக்க வைத்து, மேலே மூடியும் போட்டார்.

எண்ணெய் உருகியது. குசினி முழுவதும் தேங்காய் மணத்தது. குளிரில் சுருண்டு கிடந்த காஸும் சூடு கண்டு உசாராகியது. முத்தர் சீலைத் துண்டால் பிடித்துத் துவக்கைத் தூக்கினார். விரல் எங்கே பட்டதோ, டப்பென்று ஒரு சத்தம்.

வெள்ளிக்கிழமை பறக்காத குண்டு இப்போது பறந்தது. குசினிக் கதவால் போய், நடையைத் தாண்டி, முன்னறைக்குள் நுழைந்தது. அது எங்கே பட்டது என்று முத்தர் பார்க்கவில்லை. அவர் அப்போது மேசைக்குக் கீழே இருந்தார். பழக்கம் அப்படி.

வெளியே வந்து முன்னறைக்குப் போனார். இத்தாலியில் பதுவையிலிருந்து பியற்றிஸ் மடியில் வைத்துக் கொண்டுவந்த அந்தோனியார் சுரூபம். அந்தக் கோடியற்புதரின் மூக்கு நுனியைக் காணவில்லை.

"ஐயோ, என்ர அந்தோனியாரே!"

நாலு காலில் தவழ்ந்து கம்பளமெல்லாம் தடவினார். மூக்கு அகப்படவில்லை. பூசை முடிகிற நேரம். குழைத்து மிஞ்சியிருந்த புட்டு மாவில் கொஞ்சம் எடுத்து, உருட்டி, நுனியைக் கிள்ளி, அந்தோனியாரின் முகத்தில் ஒட்டினார். சிவப்பரிசி மா. ரோசா நிற முகத்தில் மண்ணிற மூக்கு. தூரத்தில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் பரவாயில்லை என்று தன்னைத் தானே தேற்றினார்.

பியற்றிஸ் வந்தாள், மெழுகுதிரி கொளுத்தினாள், முழங்காலில் நின்றாள். அந்தோனியாரின் மூக்கு அவள் மடியில் விழுந்தது.

"இஞ்சாருங்கோ!"

"குளிருக்கு வெடிச்சிருக்கும்..."

"குளிருக்கு வெடிச்ச மூக்கில ஏன் புட்டு மா?"

முத்தர் புட்டு மூக்கை எடுத்துத் திரும்ப ஒட்டப் போனார். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"இதுக்குள்ள தேங்காயெண்ணெய் மணம் வேற! துவக்கையோ அவிச்சனீங்கள்? என்ர நீத்துப்பெட்டியிலயோ?" அவள் எழும்பி நின்றாள். "இண்டைக்கு அந்த மனேச்சர் வேலையோட வாறதெண்டா வீட்டுக்கு வாங்கோ. இல்லாட்டி அந்த அரிசி மூட்டையளுக்கு மேலயே படுத்துக்கொள்ளுங்கோ. வெடிகாரராம், வெடிகாரர்!"

பின்னேரம் கடையின் பின்முற்றத்தில் எல்லோரும் கண்ணுக்குக் கண்ணாடிக் கவசம் மாட்டிக்கொண்டு நின்றார்கள். பாலேந்திரா, அருள்நேசன், கூடவே கோட்டும் சூட்டுமாகக் கிங்ஸ்பரியிலிருந்து வந்த சபாரத்தினம். அவர் இன்சூரன்ஸ் ஏஜென்ற். செத்த வீட்டிலும் பொலிசி விற்கிற ஆள். பொலிசி தலையில் கட்டத்தான் வந்திருக்கிறார் என்று முத்தர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கதிரையில் ஒரு வெறும் பேணி. முத்தர் கால்களை அகட்டி, ஒரு கண்ணைச் சுருக்கி, விசையை இழுத்தார்.

துவக்கு செருமியது. தேங்காயெண்ணெய் மணத்தோடு குண்டு உருண்டு காலடியில் விழுந்தது.

"ம்," என்றார் சபாரத்தினம், திருப்தியாக.

காஸைத் திரும்ப அடைத்து மறுபடி இழுத்தார். குண்டு மதிலில் பட்டுத் திரும்பி வந்து அவருடைய நெற்றியிலேயே தட்டியது. மூன்றாவது, பேணி ஒரு பக்கம் நிற்க, மற்றப் பக்கம் நின்ற சபாரத்தினத்தின் வயிற்றில் போய்ப் பட்டது.

முத்தர் துவக்கைத் தாழ்த்தினார். கதிரை போச்சு. ஹீற்றர் போச்சு. வீடும் போச்சு.

சபாரத்தினம் வயிற்றைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நுளம்பு கடிச்ச அளவுக்கும் இல்லை! அண்ணை, வீட்டில சுடேக்க ஆருக்கும், எதுக்கும் சேதம் வந்ததோ?"

மடியில் விழுந்த மூக்கு முத்தரின் கண்ணுக்கு முன்னால் வந்து போனது.

"என்ர கையில இருக்கிற துவக்கு பிழை விடுமோ?" என்றார். "பண்டி விழுத்தின கைக்கு உது விளையாட்டுச் சாமான். ஆனால் உங்கட விளையாட்டுக்குக் காணும். வாங்குங்கோ."

"அப்ப சரி, எனக்குத் திருப்தி. பொலிசியை எழுதுறன்," என்றார் சபாரத்தினம். பாலேந்திரா ஓடிவந்து முத்தரின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். "பெரிய உதவி அண்ணை! நாளைக்கே முழுத் துவக்குக்கும் ஓடர் குடுக்கிறன்." ரெலிபோன் எடுக்க உள்ளே ஓடினார், அருள்நேசனும் பின்னால் போனான்.

வெடிகாரரின் நெஞ்சு பழையபடி வெளியே வந்தது. குறி தப்பினால் என்ன, அனுபவத்துக்கு ஒரு மதிப்பு இருக்கத்தானே செய்கிறது! முதுகுகூட வலிக்கவில்லை. கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு சபாரத்தினத்தின் பக்கம் போனார்.

"அப்ப மனேச்சர் வேலையில நான் எப்ப துடங்க வேணுமாம்?"

"மனேச்சரோ? அது அருள்நேசன் எல்லோ. போன மாதமே முடிஞ்ச கதை."

"அப்ப என்னை ஏன் கூப்பிட்டவை?"

சபாரத்தினம் கண்ணாடிக் கவசத்தைக் கழற்றித் துடைத்தார். "விளையாட வாறது எல்லாம் ஒண்டும் தெரியாத ஆக்கள் எண்டபடியால், பிறந்ததில இருந்து துவக்கைத் தொட்டறியாத ஒரு ஆளை வைச்சுச் சுட்டுக் காட்டச் சொல்லி நான்தான் கேட்டனான், கேட்டு வாய் மூட முன்னம் பாலேந்திரா உங்கட பேரைச் சொல்லிப்போட்டார்."