சிவப்பு ஈஸ்ட்டும் ரூ காய் அப்பமும்

குளிர்ப்பெட்டியில் மீன் இருந்தது, தயிர் இருந்தது. குப்பியை மட்டும் காணவில்லை.

"மரியநாயகியக்கா, இஞ்சை வெள்ளித்தாள் சுத்தி ஒரு குப்பி வைச்சனான்..."

"ஓம் பிள்ளை. பிரெஞ்சிலை 'லெவ்யூர்' எண்டு எழுதியிருந்தது. அப்பத்துக்குப் போடுற ஈஸ்ட்தானே எண்டு விடிய மாவுக்குள்ளை ஊத்தியிட்டன். என்ன மாதிரிப் பொங்கினது தெரியுமே!"

இம்மாகுலேற் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டாள். அவள் உயிரியலில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்பவள். ஆய்வுகூடக் கண்ணாடித் தட்டில் சிவப்பாக வளரும் அந்த ஈஸ்ட்டை உருவாக்க மூன்று வருடம் பிடித்தது. ஆய்வுகூடத்துக் குளிர்ப்பெட்டி பழுதானபோது வேறொருவரையும் நம்பாமல் வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். திங்கட்கிழமை பேராசிரியைக்கு அதைக் காட்டாவிட்டால் பட்டம் அவ்வளவுதான். மூன்று வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து நேரே ஆய்வுகூடத்துக்குப் போன பிள்ளை அவள். அந்த உழைப்பைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் மரியநாயகி அப்பம் சுடும் கடை கீழே, ரூ காய் தெருவில்தான். ஓடினாள்.

"ஞானரட்ணம் அண்ணை, அந்த மாவிலை கொஞ்சம் தாங்கோ!"

"பச்சை மாவை என்னத்துக்குத் தங்கச்சி? பசியெண்டால் சொல்லன்."

சொல்லி முடிப்பதற்குள் மிச்ச மாவையெல்லாம் தாச்சியில் ஊற்றி முட்டையும் உடைத்துவிட்டார் கடைக்காரர். அவள் அழுதாள். பாவம், நல்ல பசி என்று நினைத்து அவர் பாலும் விட்டுக் கொடுத்தார்.

நாளைய மாவுக்கென்று மரியநாயகி எடுத்துவைத்த ஒரு கரண்டிதான் மிச்சம். அதை ஜாம் போத்தலில் இறுக்கி மூடிக்கொண்டு ஆய்வுகூடத்துக்கு மெத்ரோ ரயில் ஏறினாள். ஸ்ராலின்கிராட் நிலையத்தில் மா பொங்கி மூடி பறந்தது. பக்கத்தில் நின்ற மனிதரின் கோட்டு முழுக்க மா.

"பார்தோன், மெசியே!" என்று மன்னிப்புக் கேட்டபடி தன் மெத்ரோ பயண அட்டையால் கோட்டை வழித்தாள். அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

வழித்ததை ஆய்வுகூடத்தில் தட்டில் பூசிவிட்டு, இரண்டு நாள் மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தாள்.

திங்கள் காலை தட்டைத் திறந்தாள். அத்தனையும் வெள்ளை. மருந்துக்கும் ஒரு சிவப்பு இல்லை. மேசையில் தலையைக் கவிழ்த்து விம்மினாள்.

ஆய்வுகூடத்தில் குப்பி கழுவும் ஆலீஸ் அப்போதுதான் வேலைக்கு வந்தாள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து சிவப்பாய் ஒரு குப்பியை எடுத்து வைத்தாள்.

"நீ கொண்டுபோனது பேக்கரி ஈஸ்ட், பெண்ணே. கேட்டால் தரமாட்டாய் என்று, வெள்ளிக்கிழமை நீ புறப்படுவதற்கு முன் நான்தான் மாற்றி ஊற்றி, உன்னுடையதைப் பக்கத்துத் தெருவிலுள்ள என் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். உன் மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளை மெத்ரோவில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை."