பாதம் வைத்த ஜூனிபர்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. மின்விசிறிக்கு நேரே வேண்டாம், என் குரல் பறந்துவிடும். திருப்பதியில் முழங்கை உயர மரம் ஒன்று ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கலைக்கப் பார்த்த கதை சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள்.

சித்தூரிலிருந்து பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டதாகப் போன் வந்த நேரம். பெண்ணின் அம்மா அலர்மேல், கூடத்துக்குக் காபி கொண்டுபோனவள், டம்ளரை நீட்டாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏன்னா, உங்க மரம் நாமம் போட்டுண்டிருக்கு."

ஹயக்ரீவன் திரும்பிப் பார்த்தார். பார்த்தவருக்குக் காபி வேண்டியிருக்கவில்லை.

மகள் நீரஜா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் பெங்களூரிலிருந்து வாங்கி வந்து, தொட்டியில் போன்சாயாக வளர்க்கிற ஜூனிபர் கன்று அது. பெண் வளர்ந்து கல்யாணத்துக்கு நிற்கிறாள். மரம் முழங்கை உயரத்தைத் தாண்டவில்லை. இவர் தாண்டவிடவில்லை. ஒரே அடியிலிருந்து மூன்று தண்டுகள். கம்பி சுற்றி வளைப்பார், கம்பி பட்டையில் பதியும் முன் அவிழ்ப்பார். ஒரு கிளையை வெட்டலாமா என்று மழைக்காலம் முழுக்க யோசிப்பார். ஓரத்துத் தண்டுகள் இரண்டிலும் முன்பக்கப் பட்டையை உரித்து, சுண்ணாம்பும் கந்தகமும் கலந்த கரைசலைப் பூசி, எலும்பு மாதிரி வெளுக்க வைத்திருந்தார். பின்னால் ஒரு விரல் அகலப் பட்டையை மட்டும் மரத்தின் உயிருக்காக விட்டிருந்தார்.

மொட்டைமாடியில் நிழல்வலைக்குக் கீழே இருந்தவரை வம்பில்லை. இன்று விருந்தாளிகளுக்காகக் கூடத்தில் வைத்து, நடுத்தண்டைத் தேய்த்து எண்ணெய் தடவினார். அது செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் வெள்ளை, நடுவில் சிவப்பு, கீழே வளைந்து சேர்கிற அச்சு அசல் வடகலை நாமம்.

இந்த வீடு வடகலை. வருகிறவர்கள் தென்கலை.

நீரஜாவும் அந்தப் பிள்ளை யதிராஜும் ஒரே ஆபீஸ். இரண்டு பக்கமும் கெஞ்சிக் கூத்தாடி, இப்போதுதான் அவன் அப்பா வரதராஜன் "போய்ப் பார்க்கலாம்" என்கிற அளவுக்கு இறங்கி வந்திருந்தார். வருகிறபோது மரத்தையும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். நீரஜா அடித்துக்கொண்ட பெருமை அப்படி. ஆகவே ஒளித்து வைக்கவும் வழியில்லை.

"வேணும்னே வெச்சிருக்கோம்னு நெனைப்பா. திருப்பியாவது வையுங்கோளேன்" என்றாள் அலர்மேல்.

"மரத்துக்கு முகம்னு ஒண்ணு இருக்குடி. சம்பந்திக்கு முதுகைக் காட்டச் சொல்றியா?"

நாமத்துக்குக் கீழே ஒரு பாதம் வைத்துவிட்டால் தென்கலை ஆகிவிடுமே என்று அவருக்குத் தோன்றியது. மண்ணைக் கொஞ்சம் விலக்கி, அடித்தண்டில் பட்டையைக் கீறினார். அந்தப் பட்டை வழியாகத்தான் வேருக்குச் சாப்பாடு இறங்குகிறது என்பது அவருக்குத் தெரியும். ஒரு கிளைக்கு மழைக்காலம் முழுக்க யோசிக்கிற மனுஷர், பெண்ணுக்காக யோசிக்காமல் உரித்தார். உரித்த இடத்தில் கரைசலைப் பூசினார்.

அவசரத்தில் இரண்டு சங்கதிகளை மறந்துவிட்டார். அந்தக் கரைசல் ஈரத்தில் மஞ்சளாக இருக்கும், காய்ந்தால்தான் வெளுக்கும். அதைவிட, அது அழுகின முட்டை மாதிரி நாறும். மாடியில் என்றால் காற்று வாரிக்கொண்டு போய்விடும். மூடின கூடம் எங்கே கொண்டுபோகும்?

நீரஜா பாதி கட்டின புடவையோடு எட்டிப் பார்த்தாள். "அப்பா, நம்மாத்துல முட்டை வாசனை வரதே."

பதில் சொல்ல நேரமில்லாமல், அவளுடைய தலை உலர்த்தும் மெஷினைப் பிடுங்கி வந்து பாதத்துக்கு நேரே பிடித்தார். பாதம் வெளுத்தது. ஆனால் அந்தச் சூட்டில் கூடத்தோடு இருந்த நாற்றம் சமையலறைக்குள் போனது, பெருமாள் உள்ளான பூஜை அறைக்குப் போனது, பட்டுப்புடவை மடிப்புகளில் ஏறி உட்கார்ந்தது. அலர்மேல் வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டாள். வெங்காயம்கூட வாசல்படி தாண்டாத வீடு, திருவாராதன பூஜை முடிந்த கையோடு யாரோ ஆம்லெட் போட்ட மாதிரி மணந்தது.

அந்த நேரம் பார்த்துக் கார் வந்து நின்றது.

முன்னால் வரதராஜன், நெற்றியில் பளிச்சென்று பாதம் வைத்த நாமம். பின்னால் அவர் மனைவி, யதிராஜ், பழத்தட்டைச் சுமந்தபடி டிரைவர் ரங்கையா. வரதராஜன் நிலைப்படியில் நின்று மூக்கை உறிஞ்சினார். மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாளும் உறிஞ்சினாள். யதிராஜ் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்தவன் நிமிரவே இல்லை.

நீரஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஸ்வாமி, அது வந்து, மரத்துக்கு..." என்று ஹயக்ரீவன் ஆரம்பித்தார்.

வரதராஜன் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஒண்ணும் சொல்ல வேண்டாம். நமக்குள்ள என்ன."

பிறகு மரத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"நன்னா இருக்கு. கொஞ்சம் தண்ணி விட்டிருக்கலாம். ரெண்டு பக்கமும் காஞ்சே போயிடுத்தே."

அவ்வளவுதான். நாமமாவது பாதமாவது, அவர் கண்ணில் ஒன்றும் படவில்லை. அத்தனை வருஷ உழைப்பைப் பட்டுப்போன கட்டை என்கிறாரே என்று ஹயக்ரீவனுக்கு நாக்கு துடித்தது. அலர்மேல் பார்த்த பார்வையில் அடங்கிப்போனார்.

அதன்பிறகு எல்லாம் வெண்ணெயில் கத்தி. வரதராஜன் கேசரியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தையில் முகூர்த்தம் பார்க்கலாம் என்று அவரே சொன்னார். யதிராஜ் நீரஜாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் தனியாக ஒரு குஷி தெரிந்தது.

புறப்படுகிற சமயம், காரைத் துடைத்துக்கொண்டிருந்த ரங்கையாவுக்கு ஹயக்ரீவன் தாமே காபி கொண்டுபோய்க் கொடுத்தார். மனசு தாங்கவில்லை அவருக்கு.

"உங்க சாருக்குப் பெரிய மனசுப்பா. வீடு அப்படி நாறித்து, ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலை."

ரங்கையா காபியை ஊதிக் குடித்தார்.

"அட போங்க சார். யதிராஜ் தம்பி ஆம்லெட் துன்றது தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு சார் வழியெல்லாம் பயந்துகினே வந்தாரு. உங்க வூட்டு வாசனை மூக்குல ஏறினப்புறம்தான் அவருக்கு உசிரே வந்துது. இனிமே ஞாயித்துக்கெழமையானா மாமியார் கையாலயே துன்னலாம்னு தம்பி சொல்லிகினு கீது."

மரம் பிழைத்துக்கொண்டது கண்ணுகளா, பாதத்தோடு. உங்கள் வீட்டுக்கும் வரவேண்டிய நல்லது எந்த வாசனையைப் பிடித்துக்கொண்டாவது வந்து சேரட்டும். வந்தவர்கள் கேசரியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடட்டும்.