மூணு மணிக்குள்ள சார்ஜ்

"ஹலோ... சார்? சார்!"

ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினார் ஹெட்கிளார்க். ஜி.எம். குரல் புயல் காற்றில் துண்டு துண்டாக வந்தது.

"...மேனேஜர் விஷயம்... மூணு மணிக்குள்ள சார்ஜ்... மறந்துடாதீங்க... இல்லேன்னா ஸ்டோர் கிளார்க்கை..."

லைன் செத்தது.

"என்னங்க சொன்னார்?" என்றாள் மனைவி.

"பதினாலு வருஷக் கனவுடி! மேனேஜர் போஸ்ட் பத்தி மூணு மணிக்குக் கூப்பிடுவாராம். அதுக்குள்ள போனுக்குச் சார்ஜ் போட்டு வைக்கணும். நான் எடுக்கலேன்னா ஸ்டோர் கிளார்க்குக்குப் போயிடும்."

போனில் நான்கு சதவீதம். காலையிலிருந்து கரண்ட் இல்லை. மணி பன்னிரண்டு.

"ஆபீஸ்ல ஜெனரேட்டர் ஓடுமே. லீவுன்னா என்ன, ஒரு நடை போய்..."

"அங்கே லீவு டியூட்டியில அந்த ஸ்டோர் கிளார்க் என் வாயையே பார்த்துக்கிட்டு நிப்பான். வேணாம்."

இன்வெர்ட்டர் முக்கி முனகிக்கொண்டிருந்தது. தொட்டதிலெல்லாம் பொறி பறக்கவிட்டு 'வோல்டேஜ்' என்று பெயர் வாங்கிய மைத்துனன் ஸ்க்ரூடிரைவரோடு வந்தான்.

"ஒயரை மாத்திக் கொடுத்தா சும்மா ஜிவ்வுன்னு ஏறும் மாமா."

ஜிவ்வென்றுதான் ஏறியது. புகை.

அடுத்து, கார். ஹெட்கிளார்க் சார்ஜரைச் சொருகினார். வோல்டேஜ் புயல் செய்திக்கு ரேடியோவையும், வெளிச்சத்துக்கு ஹெட்லைட்டையும் போட்டான். எஞ்சினைப் போட இருவருக்குமே தோன்றவில்லை. போன் ஆறைத் தொட்டதும் கார் பேட்டரி கண்ணை மூடியது.

"லைன் இருக்கான்னு பார்த்துடுங்க மாமா."

நாலு பேருக்கு டயல் செய்து பார்த்தார். லைன் இல்லை. ஆறு, மூன்றாகியிருந்தது.

மாடிவீட்டு டீச்சர் மனமிரங்கி பவர்பேங்க் கொடுத்தார். பத்து நிமிடத்தில் மூன்று, ஒன்றானது.

"இறங்குதே டீச்சர்!"

"ஐயோ, அது காலி போல. உங்க போன்லேர்ந்து அது ஏத்திக்குது. பரவால்ல சார், இப்ப ஒரு விளக்கு எரியுது. தேங்க்ஸ்!"

ஹெட்கிளார்க் ஒயரிலிருந்து போனைப் பிடுங்கினார். வேட்டியை மடித்துக் கட்டி, போனைத் தலைக்கு மேல் பிடித்தபடி, முழங்கால் தண்ணீரில் இறங்கித் தெருமுனை பேக்கரிக்கு நடந்தார். அங்கே ஜெனரேட்டர் இருந்தது. இருந்த ஒரே பிளக்கில் ஐஸ்கிரீம் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"அதைப் பிடுங்கினா உருகிடும் சார்," என்றார் பேக்கரிக்காரர். "உருகினா நீங்கதான் சாப்பிடணும்."

"சாப்பிடறேன்."

சாப்பிட்டார். நனைந்த சட்டையில் பல் கிடுகிடுக்க, நாலு கப். மணி இரண்டு ஐம்பத்தைந்து. போனில் நாற்பத்தொரு சதவீதம்! சிக்னல்தான் ஒரு கோடுகூட இல்லை.

மூன்று அடித்தது. போனை ஆட்டினார், ஊதினார், ஸ்டூல் மேல் ஏறி நின்றார். மூன்று இருபதுக்கு ரெயின்கோட் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார் ஆபீஸ் வாட்ச்மேன்.

"புது மேனேஜருக்குப் பிஸ்கட் ரெண்டு பாக்கெட் குடுங்க," என்றவர், ஸ்டூலை நிமிர்ந்து பார்த்தார். "அட, நீங்க இங்கயா சார் நிக்கிறீங்க? நேர்ல வந்து சார்ஜ் எடுத்துக்கச் சொல்லிட்டு ஜி.எம். மூணு மணி வரைக்கும் உங்களுக்காக ஆபீஸ்லயே உட்கார்ந்திருந்தாரே!"