உலகநாதனின் மூளைச் சுருக்கம்

மோட்டார் நின்றிருந்தது.

காலையில் உலகநாதன் அதைப் போட்டது நிச்சயம். குழாயில் தண்ணீர் கொட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போனார். கரண்ட் இருந்தது. கரும்பு காய்ந்தது. இந்த வாரம் இது முதல் தடவையும் அல்ல.

கலியம்மாளைக் கேட்கலாம். மனைவி வீட்டுத்துணி துவைக்க மோட்டாரைப் போட்டாலும் மறக்காமல் நிறுத்திவிடுவாள். ஆனால் கேட்டால் சென்னைக்குப் போன் போகும். மகன் புகழ்வேந்தன் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தான். மறதி வந்துவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எட்டாவது மாடிக்கு வந்துவிட வேண்டும்.

உலகநாதன் கேட்கவில்லை. மறுநாள் மோட்டாரைப் போட்டதும் அடையாளத்துக்குத் தன் துண்டை ஸ்டார்ட்டர் பெட்டிமேல் போட்டுவிட்டு வந்தார்.

திரும்பிப் போனபோது மோட்டார் நின்றிருந்தது. துண்டு இல்லை. அது வீட்டுக் கொடியில் தொங்கியது. ஆக, தானே போய் நிறுத்தி, துண்டையும் எடுத்து வந்து, கொடியிலும் போட்டிருக்கிறார். முன்பு ஒன்றை மறந்தவர் இப்போது மூன்றை மறந்திருந்தார்.

பக்கத்துக் கொல்லைக்காரர் பக்கிரியிடம், தெரிந்தவர் ஒருவருக்கு மறதி என்றார்.

"அந்த ஒருத்தர் நீதானே? வல்லாரை தின்னுபா. கேக்கலன்னா தலைய ஸ்கேன் எடுத்துடு."

வல்லாரைத் துவையல் அரைக்கச் சொன்னார். கலியம்மாள் எதற்கென்று கேட்கவில்லை. அரைத்து, பெரிய பங்கைத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். உலகநாதனுக்கு வந்த பங்கில் வயிறுதான் போனது.

பாகூரில் உரம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, டவுனுக்குப் பஸ் ஏறினார்.

ஸ்கேன் முடிந்தது. டாக்டரம்மா நிறையக் கேள்வி கேட்டாள். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னாள். கழித்தார். பிறகு படத்தைப் பார்த்தாள்.

"மூளை லேசா சுருங்கியிருக்கு."

உலகநாதன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். எட்டாவது மாடி தெரிந்தது.

"வயசானா எல்லாருக்கும் சுருங்கும், ஐயா. பயப்படாதீங்க."

"பொம்பளைங்களுக்குமா?"

"அவங்களுக்கும்தான். பொதுவா ஆம்பளைங்களுக்கு மூளை கொஞ்சம் பெருசு. அந்த அளவ வெச்சு அறிவையோ ஞாபகத்தையோ சொல்ல முடியாது. உங்க ஞாபகம் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப மோட்டார யாரும்மா நிறுத்தறது?"

அது படத்தில் இல்லை என்றாள்.

உலகநாதன் வெளியே வந்தார். கால்கள் லேசாக இருந்தன. ஸ்கேன் கவரைக் கொடுக்க வந்த ஊழியர் செல்லப்பன் அதிலிருந்த பேரையும் ஊரையும் படித்தார். அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"குருவிநத்தம் உலகநாதனா? நிறுத்திட்டு வந்த மோட்டாரு மறுபடி ஓடுது, எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் தெரிய வேணாம்னு, உங்க கலியம்மா போன வாரம் இதே பெஞ்சுல உக்காந்து அழுதுட்டுப் போச்சுபா."