அப்பாவின் இதயத்தை நான் உப்ப வைத்த கதை

பிள்ளை கேட்டால் இதயத்தையே கொடுப்பேன் என்று சொல்லும் அப்பாக்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் என் அப்பாவிடம் உண்மையிலேயே கேட்டுவிட்டேன்.

அப்போது கோலாலம்பூரில் முதுகலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். இதயத்தின் தசை நார்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று எம்ஆர்ஐ படங்களை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். படங்கள் எப்போதும் குறைவாகத்தான் கிடைக்கும். விட்டுப்போன இடங்களைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு நிரப்பும். அந்த ப்ரோக்ராமை எழுதிய மேதை அடியேன்.

ஆரோக்கியமான ஓர் ஆள் தேவைப்பட்டது. லோரி ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா, "என் ஹார்ட் தானே, எடுத்துக்கோ லா" என்று வந்து ஸ்கேன் மெஷினில் படுத்துவிட்டார். மூச்சை அடக்கினால்தான் படம் தெளிவாக விழும். ஸ்கேன் எடுப்பவர் ஸ்பீக்கரில் "மூச்சை அடக்குங்க அங்கிள்" என்று சொல்லும்போதெல்லாம் அப்பா, "ஓகே பாஸ்!" என்று உரக்கப் பதில் சொன்னார். பாதிப் படங்கள் கலங்கிப்போயின. (அதனால் என்ன, நம் ப்ரோக்ராம் இருக்கிறதே!)

ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் இதயத்தைத் திரையில் துடிக்க வைத்துக் காட்ட, பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் லேப்டாப்பைத் திறந்தேன். அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். அப்பாவின் தங்கை, கிள்ளான் அத்தையும் வந்திருந்தார். "ஈரத்துணியைப் பிழியற மாதிரி இதயம் முறுக்கிச் சுருங்கும், பாருங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுத் தட்டினேன்.

அப்பாவின் இதயம் பலூன் மாதிரி உப்பியது.

"ஐயோ அண்ணே! என்னம்மா இது, வீங்குது?" என்று அலறினார் அத்தை.

"இருங்க அத்தை" என்று மறுபடி தட்டினேன். மறுபடியும் உப்பியது.

அத்தை போனை எடுத்தார். மத்தியானத்துக்குள் ரவாங்கிலிருந்து சித்தப்பா வந்தார், செமினியிலிருந்து மாமா குடும்பத்தோடு வந்தார். யாரோ அப்பாவை சோபாவில் சாய்த்துத் திருநீறு பூசினார்கள்.

"எனக்கு ஒன்னும் இல்ல லா!"

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க மச்சான்" என்றார் மாமா. அதற்குப் பிறகு அப்பாவே மெல்ல நெஞ்சில் கை வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

லேப்டாப்போடு சமையலறைக்குள் ஒளிந்துகொண்டு என் பேராசிரியைக்கு வீடியோ கால் போட்டேன். பார்த்தவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதயச் சுவரை ஒட்டி ஓட வேண்டிய நாரை, சுவருக்குக் குறுக்கே போட்டிருக்கே. திசையை மாத்தி எழுதிட்டே மா. உங்கப்பா நல்லாத்தான் இருக்காரு. நீதான் சரியில்ல!"

திருத்தினேன். ஹாலுக்கு ஓடி வந்து காட்டினேன். இதயம் அழகாக முறுக்கிச் சுருங்கியது. கூட்டம் கை தட்டியது. அப்பா சோபாவிலிருந்து துள்ளி எழுந்து, "பாத்தீங்களா என் இன்ஜினை!" என்றார். வந்தது வந்தோம் என்று மொத்தக் குடும்பமும் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கிளம்பியது. அப்பாதான் எல்லாரையும்விட அதிகம் சாப்பிட்டார்.

என் கல்யாணத்தன்று அத்தை மாப்பிள்ளையைத் தனியாக அழைத்து எச்சரித்தார்: "பாத்து தம்பி. இவ பாதியைத்தான் பாப்பா, மீதியை அவளே போட்டுக்குவா."

இப்போது வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், என் கணவர் வாயைத் திறந்து வாதாடுவதே இல்லை. அத்தைக்குப் போன் போடுகிறார்.